மடிக்கணினியில் இரண்டாம் வன்தட்டு

மடிக்கணினியில் இரண்டாம் வன்தட்டு என்பது, ஒரு மடிக்கணினியில் ஏற்கனவே உள்ள வன்தட்டை அகற்றாமல், மேலும் ஒரு வன்தட்டையோ எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலை வட்டையோ உள்ளே பொருத்திப் பயன்படுத்தும் முறையாகும். சேமிப்பிடத்தைப் பெருக்குவது இதன் ஒரு பயன். இரட்டைத் துவக்கத்திற்கு வழிசெய்வது மற்றொரு பயன். இக்கட்டுரை அதனைப் பற்றியது. ஒரே கணினியில் விண்டோஸ், லினக்ஸ் போன்ற இரு இயங்குதளங்களை நிறுவி, கணினியை இயக்கும்போது அவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்யும் வசதியே இரட்டைத் துவக்கம் எனப்படுகிறது.

ஒவ்வோர் இயங்குதளத்திற்கும் தனி வட்டு இருந்தால், ஒன்று பழுதாகும்போதோ மீண்டும் நிறுவப்படும்போதோ மற்றது பாதிக்கப்படாது என்பதே இம்முறையின் அடிப்படை எண்ணம். இது பெரிதும் உண்மை. ஆயினும் வட்டுகள் இரண்டானாலும் அவற்றைத் துவக்கும் நிலைபொருள் ஒன்றே. துவக்க நிரல் எந்த வட்டில் எழுதப்படுகிறது என்பதைக் கவனிக்காவிட்டால், இரண்டு வட்டுகள் இருந்தும் பயனில்லாமல் போகும்.

பின்னணி

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த சேதராப்பட்டில் பிப்டிக் எனப்படும் புதுச்சேரி தொழில் வளர்ச்சிக் கழகத்தின் தொழிற்பேட்டை உள்ளது. ஹெச்சிஎல் இன்ஃபோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் கணினித் தொழிற்சாலை சேதராப்பட்டில் இயங்கியது. வரிச் சலுகைகளை முன்னிட்டு விப்ரோ, ஏசர், ஐபிஎம் ஆகிய நிறுவனங்களும் புதுச்சேரியில் கணினிகளைத் தயாரித்தன. ஐபிஎம்மின் தனிநபர் கணினிப் பிரிவை 2005-இல் லெனோவோ வாங்கியபோது அதன் புதுச்சேரித் தொழிற்சாலையும் கைமாறியது. ஹெச்சிஎல்லும் விப்ரோவும் 2013-இல் கணினித் தயாரிப்பிலிருந்து விலகின. லெனோவோவின் தொழிற்சாலை தொடர்ந்தது.

இத்தகைய தொழிற்சாலைகளில் நடப்பது பெரும்பாலும் பூட்டுவேலை. தாய்ப்பலகை, திரை, வன்தட்டு முதலியன வெளியிலிருந்து வர, அவை இங்கே ஒன்றுசேர்க்கப்படும். இயங்குதளத்தை ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே யாரும் நிறுவுவதில்லை. முன்னரே அணியம் செய்யப்பட்ட ஒரு படிமம் அப்படியே வன்தட்டில் நகலெடுக்கப்படும். இரண்டு இயங்குதளங்கள் வேண்டுமென்று வாங்குபவர் கேட்டால் இரண்டும் அதே படிமத்திற்குள், அதே வட்டிற்குள் அடங்கிவிடும். ஆயிரக்கணக்கில் தயாரிக்கும்போது இதுவே செலவு குறைந்த வழி.

இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டமாகும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட இத்திட்டத்திற்கான கொள்முதலை எல்காட் நிறுவனம் மேற்கொண்டது. ஹெச்சிஎல், ஏசர், லெனோவோ முதலிய நிறுவனங்கள் கணினிகளை வழங்கின. தொடக்கத்தில் வழங்கப்பட்டவற்றில் 320 ஜிகாபைட் வன்தட்டு ஒன்றே இருந்தது. அதில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அருகருகே நிறுவப்பட்டிருந்தன. இரட்டைத் துவக்கம் என்ற சொல்லையே கேட்டிராத பல்லாயிரம் மாணவர்களின் கைக்கு இரட்டைத் துவக்கக் கணினி வந்து சேர்ந்தது இவ்வாறுதான்.

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 சனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவடைந்தன. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லைக் கோருவதால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய மடிக்கணினிகள் பல அதற்கு முறைப்படி மாற இயலாது. வீட்டில் இருக்கும் ஒரே கணினியில், ஒளிப்படங்களும் கல்லூரி வேலைகளும் நிறைந்த பழைய வட்டைத் தொடாமல் லினக்ஸை முயன்று பார்க்க விரும்புவோர்க்கு இரண்டாம் வட்டு பொருத்தமான தீர்வு.

ஒரே வட்டில் இரு இயங்குதளங்கள்

பயாஸ் நிலைபொருள் கொண்ட பழைய கணினிகளில் வட்டின் முதல் 512 பைட்டுகள் முதன்மைத் துவக்கப் பதிவு எனப்படும். அதில் 446 பைட்டுகள் துவக்க நிரலுக்கு. 64 பைட்டுகள் பிரிவுகளின் அட்டவணைக்கு. கணினியை இயக்கியதும் பயாஸ் படிப்பது இந்தச் சிறு இடத்தைத்தான். லினக்ஸின் கிரப் துவக்க நிரல் இங்கே அமர்ந்திருக்கும் வரை இரு இயங்குதளங்களும் பட்டியலில் தோன்றும். விண்டோஸை மீண்டும் நிறுவினால் அது இவ்விடத்தில் தன் துவக்க நிரலை எழுதிவிடும். லினக்ஸ் கோப்புகள் அனைத்தும் அப்படியே இருக்கும். ஆனால் அவற்றை அடையும் வழி மறைந்துவிடும். விவரம் அறியாத பயனர் லினக்ஸ் அழிந்துவிட்டது என்று கருதி, அப்பகுதியையும் அழித்து விண்டோஸுக்கே கொடுத்துவிடுவதுண்டு.

மற்றொரு தடை அந்த 64 பைட்டு அட்டவணையிலிருந்து வருவது. அதில் நான்கு முதன்மைப் பிரிவுகளுக்கு மட்டுமே இடமுண்டு. விண்டோஸ் 7 காலத்து மடிக்கணினிகள் சிலவற்றில் துவக்கப் பிரிவு, விண்டோஸ் பிரிவு, மீட்புப் பிரிவு, தயாரிப்பாளரின் கருவிகளுக்கான பிரிவு என நான்கும் விற்பனைக்கு முன்பே நிரம்பியிருந்தன. வட்டில் 200 ஜிகாபைட் காலியாக இருந்தும் லினக்ஸுக்கு ஒரு பிரிவைக்கூட உருவாக்க முடியாத நிலை இதனால் ஏற்பட்டது. யுஇஎஃப்ஐ நிலைபொருளும் அதனுடன் வந்த ஜிபிடி அட்டவணையும் இத்தடையை நீக்கின. ஜிபிடியில் வழக்கமாக 128 பிரிவுகள் வரை அமைக்கலாம்.

விண்டோஸ் பிரிவைச் சுருக்கி இடம் உண்டாக்குவது இன்றும் பலர் செய்யும் வேலை. பெரும்பாலும் அது சிக்கலின்றி முடியும். இடையில் மின்சாரம் நின்று, மின்கலமும் வலுவிழந்திருந்தால் முடியாது.

பொருத்தும் இடங்கள்

இரண்டாம் வட்டை எங்கே பொருத்துவது என்பது மடிக்கணினியின் வயதைப் பொறுத்தது.

2010-களின் நடுப்பகுதி வரை வந்த மடிக்கணினிகளில் டிவிடி இயக்கி இருக்குமாயின் அதுவே முதல் வாய்ப்பு. அந்த இயக்கியைக் கழற்றிவிட்டு, அதே அளவுள்ள ஒரு தட்டில் 2.5 அங்குல வட்டைப் பொருத்திச் செருகலாம். இத்தட்டு சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் 'கேடி' என்ற பெயரிலேயே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. (இச்சொல்லை முதன்முறை கேட்பவர் காவல் நிலையப் பட்டியலை நினைத்துக்கொள்ளக் கூடும், ஆங்கிலத்தில் சிறு பெட்டியைக் குறிக்கும் வேறு சொல் இது.) வாங்கும் முன் டிவிடி இயக்கியின் தடிமனை அளந்துகொள்ள வேண்டும். 12.7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என இரு அளவுகள் உண்டு. ஒன்றிற்கான கேடி மற்றதில் பொருந்தாது. வட்டுகளிலும் 9.5, 7 மில்லிமீட்டர்த் தடிமன்கள் உள்ளன. மெல்லிய கேடியில் பருத்த வட்டு நுழையாது.

கேடி என்பது வெறும் சட்டம் அன்று. சாட்டா வன்தட்டின் மின் இணைப்பில் 15 ஊசிகள் இருக்க, மெல்லிய டிவிடி இயக்கியின் மின் இணைப்பில் 6 ஊசிகளே உள்ளன. தரவுக்கான 7 ஊசிகள் இரண்டிற்கும் பொது. இந்த மாற்றத்தைச் செய்யும் சிறு மின்சுற்றுப் பலகை கேடியின் பின்புறம் இருக்கும். டிவிடி இணைப்பு 5 வோல்ட் மட்டுமே தரும், 2.5 அங்குல வட்டுகளும் 5 வோல்ட்டிலேயே இயங்குவதால்தான் இவ்வேற்பாடு சாத்தியமாகிறது. மேசைக் கணினியின் 3.5 அங்குல வட்டுக்கு 12 வோல்ட்டும் தேவை.

திங்க்பேட் வரிசையின் பல கணினிகளில் அல்ட்ராபே எனப்படும் கழற்றி மாட்டும் அறை இருந்தது. திருப்புளி இல்லாமலே டிவிடி இயக்கியை உருவி, வன்தட்டைச் செருகலாம். இரட்டைத் துவக்கத்திற்கு இதைவிட எளிய அமைப்பு பின்னர் வரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

டிவிடி அறையின் சாட்டா இணைப்பு சில கணினிகளில் முதன்மை இணைப்பைவிட வேகம் குறைந்தது. ஆகவே எஸ்எஸ்டியை முதன்மை அறையிலும், சுழலும் வன்தட்டைக் கேடியிலும் வைப்பது வழக்கம். இதில் ஓர் எதிர்வாதமும் உண்டு. முதன்மை அறையில் அதிர்வைத் தாங்கும் ரப்பர்த் துண்டுகள் இருக்கும். மலிவான கேடியில் இரா. அதிர்ச்சியால் கெடக்கூடியது சுழலும் வட்டு. எஸ்எஸ்டிக்கு அந்த அச்சம் குறைவு. பேருந்தில் நாள்தோறும் எடுத்துச் செல்லும் கணினியாயின் வேகத்தைச் சற்று விட்டுக்கொடுத்து, சுழலும் வட்டை முதன்மை அறையிலேயே விட்டுவைப்பது நல்லது. வேறொரு சிக்கலையும் முன்கூட்டியே சோதிக்க வேண்டும்: சில பயாஸ்கள் டிவிடி அறையிலுள்ள வட்டிலிருந்து கணினியைத் துவக்க மறுக்கும்.

பிற்காலக் கணினிகளில் டிவிடி இயக்கி மறைந்து எம்.2 செருகிடம் வந்தது. பரவலாக உள்ள 2280 என்ற அளவு 22 மில்லிமீட்டர் அகலத்தையும் 80 மில்லிமீட்டர் நீளத்தையும் குறிக்கும். 42 மில்லிமீட்டர் நீளமுள்ள 2242 அட்டைகளும் உண்டு. நீளம் பொருந்தினால் மட்டும் போதாது. எம்.2 என்பது செருகிடத்தின் வடிவம் மட்டுமே. அதன் வழியே பேசும் மொழி சாட்டாவாகவோ என்விஎம்இயாகவோ இருக்கலாம். சாட்டா மட்டும் அறிந்த செருகிடத்தில் என்விஎம்இ அட்டையை மாட்டினால் கணினி அதனைக் காணாது. கணினியின் பராமரிப்புக் கையேட்டில் இவ்விவரம் இருக்கும். கடைக்காரரின் வாய்மொழியைவிட அதனை நம்பலாம். இஎம்எம்சி நினைவகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்ட மலிவான கணினிகள் சிலவற்றில் இரண்டாம் செருகிடமே இல்லை.

பொருத்துதல்

முதலில் காப்புப் பிரதி. அது வேறொரு புற வட்டில் இருக்க வேண்டும். புதிதாகப் பொருத்தப்போகும் வட்டில் அன்று.

கணினியை முழுதாக அணைத்து, மின்னேற்றியைப் பிடுங்கி, மின்கலத்தைக் கழற்ற வேண்டும். உள்ளே பொருத்தப்பட்ட மின்கலமாயின் அதன் இணைப்பை விடுவிக்க வேண்டும். நிலைமின்னால் சில்லுகள் பழுதாகக்கூடும். உலோகப் பொருளொன்றைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குவது வழக்கம். டிவிடி இயக்கி பெரும்பாலும் அடிப்புறத்தில் ஒரே திருகினால் பிடிக்கப்பட்டிருக்கும். அதன் முகப்புத் தகட்டைக் கழற்றிக் கேடியில் மாட்டிக்கொண்டால் கணினியின் ஓரம் பழையபடி அமையும். வட்டைப் பொருத்தியதும் பயாஸ் அமைப்புக்குச் சென்று அதன் பெயர் தெரிகிறதா என்று பார்த்த பின்னரே இயங்குதளத்தை நிறுவத் தொடங்க வேண்டும்.

இயங்குதளத்தை நிறுவுதல்

தரவு இழப்புகள் நேர்வது பெரும்பாலும் இக்கட்டத்தில்தான். உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கல்களின் நிறுவி, வட்டை முழுதும் அழித்து நிறுவும் வழியை எளிய தெரிவாக முன்வைக்கும். எந்த வட்டு என்பதை அது கேட்கும். தவறான வட்டைத் தெரிவு செய்தால் தடுக்காது. சாட்டா வட்டுகளுக்கு லினக்ஸ் இடும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் நிலையானவை அல்ல. யுஎஸ்பி குச்சியிலிருந்து துவக்கும்போது வரிசை மாறக்கூடும். 'முதல் வட்டு ஏ, இரண்டாவது பி' என்று மனத்தில் வைத்துக்கொள்வது ஆபத்து.

அளவைக் கொண்டு அடையாளம் காண்பதிலும் ஒரு குழப்பம் உள்ளது. 320 ஜிகாபைட் வட்டு விண்டோஸில் 298 என்றும், உபுண்டுவில் 320 என்றும் காட்டப்படும். தயாரிப்பாளரும் உபுண்டுவும் ஆயிரத்தின் மடங்குகளில் எண்ண, விண்டோஸ் 1024-இன் மடங்குகளில் எண்ணுவதே காரணம். வட்டு வாங்கும்போதே பழைய வட்டிலிருந்து வேறுபட்ட கொள்ளளவில், இயன்றால் வேறு நிறுவனத்தின் வட்டாக வாங்குவது இக்குழப்பத்தை முளையிலேயே தவிர்க்கும். ஒரே கொள்ளளவுள்ள இரு வட்டுகள் பட்டியலில் அடுத்தடுத்துத் தோன்றும்போது அனுபவமுள்ளவரும் தயங்குவர்.

வட்டைச் சரியாகத் தெரிவு செய்தாலும் துவக்க நிரல் தவறான இடத்திற்குச் செல்லலாம். யுஇஎஃப்ஐ கணினியில் துவக்க நிரல்கள் இஎஃப்ஐ அமைப்புப் பிரிவு எனப்படும் சிறு பிரிவில் கோப்புகளாக வைக்கப்படும். உபுண்டுவின் பழைய நிறுவியான யுபிக்விட்டி, பயனர் இரண்டாம் வட்டைக் குறிப்பிட்டிருந்தும், முதல் வட்டில் கண்ட அமைப்புப் பிரிவிலேயே கிரப்பை எழுதும் குறை பலராலும் சுட்டப்பட்டது. இதன் விளைவு உடனே தெரியாது. ஈராண்டு கழித்து முதல் வட்டு பழுதாகி அதனைக் கழற்றும்போது, தனி வட்டில் நலமாக இருக்கும் லினக்ஸும் துவங்காது. இரண்டையும் பிரிக்கவென்றே வாங்கிய வட்டு, துவங்குவதற்கு மற்ற வட்டையே நம்பியிருந்தது அப்போதுதான் புலப்படும்.

இதனைத் தவிர்க்க உறுதியான வழி, நிறுவும் நேரத்தில் முதல் வட்டைக் கழற்றிவைப்பதே. மாட்டியிராத வட்டை எந்த நிறுவியும் அழிக்க முடியாது. கழற்றுவது கடினமாயின் சில பயாஸ் அமைப்புகளில் தனித்தனி இணைப்புகளைத் தற்காலிகமாக முடக்கலாம். இரண்டும் இயலாதபோது மட்டும் பிரிவுகளைக் கைமுறையாக அமைத்து, இரண்டாம் வட்டிலேயே புதிய இஎஃப்ஐ அமைப்புப் பிரிவை உருவாக்கி, துவக்க நிரலுக்கும் அவ்வட்டையே குறிப்பிட வேண்டும். நிறுவிய பின் அப்பிரிவினுள் கோப்புகள் உள்ளனவா என்று பார்ப்பது அவசியம்.

முதல் வட்டைக் கழற்றிவிட்டு நிறுவியதால் கிரப்பின் பட்டியலில் விண்டோஸ் தோன்றாது. கிரப் 2.06 பதிப்பிலிருந்து, அதாவது 2021 முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் வசதி இயல்பில் அணைத்தும் வைக்கப்பட்டுள்ளது. அதனை இயக்கிக்கொள்ளலாம், ஆனால் தேவையில்லை. கணினியை இயக்கியவுடன் துவக்கப் பட்டியலுக்கான விசையை அழுத்தி வட்டைத் தெரிவு செய்தால் போதும். லெனோவோ, டெல், ஏசர் கணினிகளில் இது பொதுவாக எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப். ஏசரில் இவ்விசையைப் பயாஸ் அமைப்பில் முதலில் இயக்க வேண்டியிருக்கலாம். நாள்தோறும் விசையை அழுத்துவது சிறு தொல்லைதான். ஆனால் இரு துவக்க நிரல்களும் ஒன்றையொன்று அறியாமலே இருப்பதால் ஒன்றை மற்றொன்று கெடுக்க வாய்ப்பு மிகக் குறைவு.

அண்மைக்கால இன்டெல் கணினிகள் சிலவற்றில் லினக்ஸ் நிறுவிக்கு வட்டே தென்படாது. சேமிப்பகக் கட்டுப்படுத்தி ரெய்டு முறையில் அமைக்கப்பட்டிருப்பது காரணமாக இருக்கலாம். அதனை ஏஎச்சிஐ முறைக்கு மாற்ற வேண்டும். முன்னேற்பாடின்றி மாற்றினால் விண்டோஸ் துவங்காமல் நிற்கும். மாற்றும் முன் விண்டோஸைப் பாதுகாப்பு நிலையில் துவங்குமாறு அமைத்துவிட்டு, மாற்றிய பின் ஒருமுறை அந்நிலையில் துவக்கினால் அது புதிய முறைக்குப் பழகிக்கொள்ளும்.

விண்டோஸ் வட்டு பிட்லாக்கரால் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். புதிய மடிக்கணினிகளில் பயனர் கேட்காமலேயே இது இயங்கிக்கொண்டிருப்பதுண்டு. துவக்க அமைப்புகளில் கைவைத்தால் அது 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கலாம். குறியீடு கையில் இல்லாதவரின் தரவை எந்தக் கடையாலும் மீட்டுத்தர இயலாது. அதனைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது பழைய முறையெனினும் நல்ல முறை.

வட்டு இரண்டு, நிலைபொருள் ஒன்று

தனி வட்டுகள் எல்லாவற்றையும் பிரித்துவிடுவதில்லை என்பதற்கு 2024-இல் நிகழ்ந்த ஒன்று சான்றாகும். அவ்வாண்டு ஆகத்து 13 அன்று வெளியான விண்டோஸ் இற்றைப்படுத்தல், பாதுகாப்புக் குறையுள்ள பழைய லினக்ஸ் துவக்க நிரல்களைத் தடுக்கும் எஸ்பாட் என்ற விதியைப் புதுப்பித்தது. இரட்டைத் துவக்கக் கணினிகளில் அது செயற்படாது என மைக்ரோசாப்ட் கூறியிருந்தது. ஆயினும் பல கணினிகளில் இரட்டைத் துவக்கம் இருப்பதை இற்றைப்படுத்தலால் கண்டறிய முடியவில்லை. லினக்ஸ் துவங்க மறுத்தது. இவ்விதி வட்டில் எழுதப்படுவதன்று, தாய்ப்பலகையின் நிலைபொருள் நினைவகத்தில் எழுதப்படுவது. எனவே லினக்ஸைத் தனி வட்டில் வைத்திருந்தோரும் தப்பவில்லை. பாதுகாப்பான துவக்கம் எனும் வசதியைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸினுள் சென்று அவ்விதியை நீக்குவது அப்போது தீர்வாக இருந்தது. 2025 மே மாத இற்றைப்படுத்தல்களுடன் இச்சிக்கல் தீர்க்கப்பட்டது. தரவு எவருக்கும் இதனால் அழியவில்லை. வழி மட்டுமே அடைபட்டது.

துவக்க வரிசையும் நிலைபொருளிலேயே உள்ளது. பெரிய இற்றைப்படுத்தலுக்குப் பின் விண்டோஸ் வரிசையில் மீண்டும் முதலிடத்திற்கு வந்துவிடுவதுண்டு. அமைப்பில் சென்று மாற்றினால் சரியாகும்.

கடிகாரமும் உறக்கமும்

இரட்டைத் துவக்கம் செய்த இந்தியப் பயனர் பலர் முதலில் காணும் வியப்பு, கணினியின் நேரம் ஐந்தரை மணி நேரம் பிசகியிருப்பதாகும். தாய்ப்பலகையின் கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது. லினக்ஸ் ஒருங்கிணைந்த அனைத்துலக நேரத்தை எழுதுகிறது. இந்திய நேரம் அதனைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. கடிகாரம் பழுதென்று தாய்ப்பலகையின் பொத்தான் மின்கலத்தை மாற்றத் தேவையில்லை. லினக்ஸையும் உள்ளூர் நேரத்தைப் பின்பற்றுமாறு அமைத்தால் போதும்.

இதனினும் கவனிக்கத்தக்கது விண்டோஸ் 8 முதல் வந்த விரைவுத் துவக்க வசதி. இது இயங்கும்போது, அணைத்ததாகப் பயனர் கருதும் விண்டோஸ் உண்மையில் அரை உறக்கத்தில் இருக்கும். தன் வட்டின் நிலையை நினைவில் வைத்திருக்கும். அந்நேரத்தில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பிரிவில் கோப்பை எழுதினால் கோப்பு முறைமை குலையக்கூடும். லினக்ஸின் என்டிஎஃப்எஸ் செலுத்தி இதனைக் கண்டறிந்து எழுத மறுப்பது பயனரைக் காப்பதற்கே. அதனை வற்புறுத்தித் திறக்கக் கூடாது. விரைவுத் துவக்கத்தை அணைத்துவிடுவதே முறை. இரு இயங்குதளங்களுக்கும் பொதுவான கோப்புகளுக்குத் தனிப் பிரிவொன்றை என்டிஎஃப்எஸ் முறைமையில் அமைத்துக்கொள்ளலாம்.

மாற்று வழிகள்

இரண்டாம் வட்டுக்கு இடமில்லாத கணினிகளில் யுஎஸ்பி 3 புற எஸ்எஸ்டியில் லினக்ஸை நிறுவித் துவக்கலாம்; வேகம் அன்றாடப் பணிக்குப் போதுமானது, ஆனால் இணைப்புக் கம்பி அசைந்து விடுபட்டால் இயங்குதளம் நின்றுவிடும். மெய்நிகர் இயந்திரமும், 2016-இல் அறிமுகமான விண்டோஸுக்கான லினக்ஸ் துணை அமைப்பும் நிரலாக்கம் பயில்வோர்க்கு ஏற்றவை. இவ்விரண்டும் விண்டோஸ் நலமாக இயங்கும் வரை மட்டுமே இயங்கும். நினைவகம் 4 ஜிகாபைட்டுக்குக் குறைந்த கணினிகளில் மெய்நிகர் இயந்திரத்தை முயலாதிருப்பது நலம். அத்தகைய கணினிகளுக்கு இரண்டாம் வட்டில் நேரடியாக நிறுவிய எளிய லினக்ஸ் வழங்கலே பொருந்தும்.